டிரேசிங் தாளின் சலசலப்பு

லண்டனின் செவன் கிங்ஸ் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, நிலவடிவமைப்பு படிக்கும் என் அண்ணன் மகள் ஒரு மரத்தை வரைவதைப் பார்த்துக்கொண்டிருப்பது தனிச் சுகம். அடிமரத்துக்கு முதலில் ஒரு புள்ளி, கோலத்துக்கு வைப்பதுபோல நிதானமாக. பிறகு அதைச் சுற்றிக் கிளைவிரிவுக்கு ஒரு வட்டம். 200-க்கு 1 என்ற அளவில் 8 மீட்டர் விரிந்த மரம், தாளில் 4 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. 4பி பென்சிலைச் சாய்த்துப் பிடித்து நிழல் போடும்போது, உமி உரசுவதுபோல மெல்லிய சத்தம். வட்டத்தின் ஒரு பக்கம் கருக்கக் கருக்க, தட்டையாகக் கிடந்த மரம் எழுந்து நிற்கிறது.

பிறகு டிரேசிங் தாளைச் சலசலவென்று விரித்து அதன்மேல் போடுகிறாள். கீழே இன்றைய பூங்கா மங்கலாகத் தெரிய, மேலே அவள் நட விரும்பும் மரங்கள். இங்கிருந்து எலிசபெத் லைன் ரயிலில் நான்காவது நிறுத்தம் கிடியா பார்க். அங்கே, அன்றைய ஹேர் ஸ்ட்ரீட்டில் வாழ்ந்த நிலவடிவமைப்பாளர் ஹம்ப்ரி ரெப்டன், தன் சிவப்பு அட்டைப் புத்தகங்களில் நீர்வண்ணப் படத்தின்மேல் ஒரு மடிப்புத் தாளை ஒட்டிவைப்பார். அதைத் தூக்கினால், இருக்கும் நிலம் மறைந்து வரப்போகும் நிலம் தெரியும். 200 ஆண்டுகள் கழித்தும் வேலை அதேதான். பிடிக்காத கோட்டை அவள் அழிப்பதில்லை. இன்னொரு தாளை விரிக்கிறாள். அந்தப் பொறுமைதான் இந்தக் கலையின் பாதி. அடுத்தமுறை பூங்காவுக்குப் போனால் ஒரு பென்சிலும் கொண்டுபோங்கள். ஒரே ஒரு மரத்தை வரைந்து பாருங்கள்.