எதிரே ஒருவர் இருக்கிறார்

பின்னணிக் குரல் என்று பேச்சு வந்தாலே "கணீர்க் குரல்" என்பதுதான் நம்மவர்களின் முதல் பாராட்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கணீரென்று வாசித்தவர்களைக் கேட்டு இரண்டாவது நிமிடத்திலேயே கவனம் கலைந்திருக்கிறது. கரகரத்த குரல் ஒன்று அரை மணி நேரம் என்னை அசையவிடாமல் உட்கார வைத்ததும் உண்டு. யாரிடம் பேசுகிறோம் என்று அந்தக் குரலுக்குத் தெரிந்திருந்தது.

பினாங்கின் கெப்பாலா பத்தாஸில் எனக்குப் பழக்கமான அக்கா ஒருவர் ஆவணப்படங்களுக்குப் பின்னணி பேசுகிறார். ஸ்டுடியோ என்று தனியாக ஏதும் இல்லை, வீட்டின் பின்னறைதான். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். தாளில் இருந்த வரி: "சுங்கை மூடாவில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது." முதல் தடவை அது செய்தி வாசிப்பாக வந்தது. எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடை. அவருக்கே பிடிக்கவில்லை.

"கரையோரம் வீடு வச்சிருந்த பாட்டி ஒருத்தவங்க எதிர்ல உக்காந்திருக்காங்கன்னு வச்சுக்க தம்பி. தண்ணி ஏறுனது அவங்களுக்கே தெரியும். நான் தகவல் சொல்லல, ஞாபகப்படுத்துறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி பேசினார். 'தண்ணீர்' என்ற சொல்லுக்கு முன்னால் நூலிழை போல ஓர் இடைவெளி விழுந்தது. 'ஏறிக்கொண்டிருந்தது' மெல்லத் தாழ்ந்து, கடைசி 'து' மூச்சோடு மூச்சாகக் கரைந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அடுத்து, எட்டு வயதுப் பிள்ளை கேட்கிறான் என்று வைத்துக்கொண்டார். இப்போது 'ஏறி' மேலே எழும்பி, கொஞ்சம் நீண்டு, அடுத்து என்ன ஆகுமோ என்று நிறுத்தியது. தாளில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

இது புதுக் கலை இல்லை. பினாங்கில் 1934இல் தொடங்கிய இசட்எச்ஜே வானொலியிலேயே தமிழ் ஒலித்தது. பிபிசி தமிழ் ஒலிபரப்புக்கு 'தமிழோசை' என்று பெயர் சூட்டிய சோ. சிவபாதசுந்தரம் 'ஒலிபரப்புக் கலை' என்று நூலே எழுதினார். இலங்கை வானொலியின் பி.எச். அப்துல் ஹமீதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கானோர் கேட்டாலும், நம் ஒருவரோடு மட்டும் பேசுவது போலிருக்கும்.

அந்தக் கரைந்த 'து' பதிவில் மிஞ்ச வேண்டுமே, அங்கேதான் அக்காவின் இன்னொரு திறமை. பக்கத்து வயலில் தவளைகள், பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்துப் போர் விமானங்கள், மழை வந்தால் தகரக் கூரை. ஒவ்வொன்றின் நேரமும் அவருக்கு அத்துப்படி. மின்விசிறியை நிறுத்திவிட்டு, இந்த வெக்கையில் இருபது நிமிடம்தான் பேசுவார். குளிர்பெட்டியை அணைக்கும்போது கார்ச் சாவியை அதற்குள் வைத்துவிடுவார். திரும்பப் போட மறந்துவிட்டு வெளியே கிளம்ப முடியாது அல்லவா! முதுகுக்குப் பின்னால் சேலைகள் தொங்கும் அலமாரி திறந்திருக்கும், எதிரொலியைத் துணி வாங்கிக்கொள்ளும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் சற்றே பக்கவாட்டில் நிற்கும், 'ப' சொல்லும்போது காற்று நேரே போய் அறையாது.

பேசத் தொடங்குமுன் முப்பது விநாடி, அறையின் வெறும் அமைதியைப் பதிவு செய்கிறார். பின்னால் வெட்டி ஒட்டும் இடங்களில் அதைத்தான் நிரப்புவார். ஒலியே இல்லாத வெற்றிடத்தை வைத்தால் காதில் பள்ளம் விழுந்தது போலிருக்கும்.

இரைச்சலை நீக்க மென்பொருள் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அப்படிக் கேட்டவன்தான். அவர் போட்டுக் காட்டினார். மின்விசிறி ஓட ஓடப் பதிவான அதே வரியை மென்பொருள் சுத்தம் செய்திருந்தது. இரைச்சல் போயிருந்தது. கூடவே அந்த நூலிழை இடைவெளியில் இருந்த மூச்சும், கடைசி 'து'வும் போயிருந்தன. மெல்லிய ஒலி எது, இரைச்சல் எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பாட்டிக்காகப் பேசியது எதுவோ, சரியாக அதையே தின்றுவிட்டிருந்தது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கதையைக் கைப்பேசியில் பதிவு செய்யப் போகிறீர்களா? முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். பிறகு பேரப்பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு எதிரே உட்கார வையுங்கள்.