மென்பொருள் துறையில் உணர்ச்சி கண்டறிதல்: ஒரு மதிப்பீடு

உணர்ச்சி கண்டறிதல் என்பது ஒருவர் எழுதும் சொற்கள், குரல், முகத்தோற்றம், இதயத்துடிப்பு போன்றவற்றைக் கொண்டு அவருடைய மனநிலையைக் கணினி வகைப்படுத்திச் சொல்லும் ஆய்வுத்துறையாகும். வாடிக்கையாளர் கருத்தை அறியப் பயன்பட்டுவந்த இம்முறை, கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக மென்பொருள் எழுதுவோர் மீதும் செலுத்தப்படுகிறது. நிரலாளர்கள் தமக்குள் எழுதிக்கொள்ளும் குறிப்புகளில் கோபமும் சலிப்பும் மகிழ்ச்சியும் எவ்வளவு உள்ளன, அவை நிரலின் தரத்தையும் பாதுகாப்பையும் எப்படிப் பாதிக்கின்றன என்று ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். கேள்வி நல்ல கேள்வி. விடை காணும் முறையில்தான் எனக்குத் தயக்கம். ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் ஆலைகளுக்கும் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டி அலுவலகங்களுக்கும் விடியலில் பஸ் ஏறும் பிள்ளைகளில் பலர் என்னிடம் படித்தவர்கள். அவர்கள் தட்டச்சிடும் வரிகளே இத்தகைய கருவிகளுக்கு இரையாகலாம் என்பதால், இதை ஆய்வாளர்களின் சொந்த விவகாரம் என்று விட்டுவிட மனம் வரவில்லை.

ஐதராபாத் கட்டுரை

கணினிப் பாதுகாப்பையும் உணர்ச்சியையும் நேரடியாக இணைத்த தொடக்கக் கட்டுரைகளுள் ஒன்று, 2014இல் ஐதராபாத்தில் நடந்த மென்பொருள் களஞ்சிய அகழ்வு மாநாட்டில் வெளியானது. நெதர்லாந்தின் ஐன்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் பிளேட்டியா, போக்டன் வசிலெஸ்கு, அலெக்சாண்டர் செரபிரெனிக் ஆகியோர் எழுதியது. கிட்ஹப் தளத்தில் நிரல் மாற்றங்களைச் சுற்றி நடந்த உரையாடல்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். அவற்றில் ஏறத்தாழ 10 விழுக்காடு பாதுகாப்பு தொடர்பானவை. மற்ற உரையாடல்களைவிட அவற்றில் எதிர்மறை உணர்ச்சி மிகுதி. நிரலாளர்களுக்குப் பாதுகாப்பில் முறையான பயிற்சி தந்தால் இந்த எரிச்சல் குறையும் என்பது அவர்கள் பரிந்துரை.

இது நம்பக்கூடியதே. ஓட்டை வெளியே தெரிந்தபின் அவசரமாக அடைப்பவரும், பிறர் செய்த பிழைக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் இனிமையாகவா எழுதுவார்கள்? ஆனால் கருவி என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அது சொற்களை எடைபோடுகிறது. பாதுகாப்புத் துறையின் அன்றாடச் சொற்களே தாக்குதல், அச்சுறுத்தல், ஊடுருவல், பலவீனம் என்றுதான் இருக்கின்றன. எந்தக் கோபமும் இல்லாத ஒருவர் தம் வேலையை விவரித்தாலும் அது போர்க்களச் செய்தி போல ஒலிக்கும். கணினியில் ஒரு செயலை நிறுத்துவதற்கு ஆங்கிலத்தில் ‘கொல்’ என்று பொருள்படும் சொல்லையே பயன்படுத்துகிறார்கள். ஒரு செயலிலிருந்து கிளைப்பது அதன் ‘குழந்தை’. ‘குழந்தையைக் கொன்றுவிட்டேன், இப்போது எல்லாம் சரி’ என்று ஒருவர் அமைதியாக எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம்!

கருவிகள் தமக்குள் ஒத்துப்போகவில்லை

இந்த ஐயத்தைத் துறைக்குள் இருப்பவர்களே எழுப்பினார்கள் என்பது பாராட்டத்தக்கது. 2017இல் யொங்கெலிங் என்பவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில் செரபிரெனிக்கும் ஒருவர். அதாவது முதல் கட்டுரையை எழுதியவரே அவ்வகை ஆய்வை உரசிப் பார்த்தார். அப்போது வழக்கிலிருந்த நான்கு கருவிகளை எடுத்து, மனிதர்கள் படித்து இட்ட குறிப்புகளோடு ஒப்பிட்டார்கள். கருவிகள் மனிதரோடும் ஒத்துப்போகவில்லை, ஒன்றோடொன்றும் ஒத்துப்போகவில்லை. முன்பு வெளியான ஆய்வுகளைக் கருவியை மட்டும் மாற்றி மறுபடி செய்தால் அதே முடிவு கிடைப்பதில்லை என்றும் கண்டார்கள். ஒரே விடைத்தாளை நான்கு ஆசிரியர் திருத்தி நான்கு விதமாக மதிப்பெண் போட்டால், மாணவனைப் பற்றி ஒன்றும் தெரியாது. திருத்தியவர்களைப் பற்றித்தான் தெரியும்.

காரணம் எளிது. அந்தப் பொதுக் கருவிகள் திரைப்பட விமர்சனங்களிலும் சமூக ஊடகக் கருத்துகளிலும் பழக்கப்பட்டவை. இதைத் திருத்த இத்தாலியின் பாரி பல்கலைக்கழகத்தில் நிக்கோல் நோவியெல்லி முதலானோர் ‘சென்டி-ஃபார்-எஸ்டி’ என்னும் கருவியை உருவாக்கினார்கள். நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தின் 4,400க்கும் மேற்பட்ட பதிவுகளை மனிதர்களைக் கொண்டு குறித்து, அதில் பழக்கிய கருவி அது. அந்தத் துறையின் பேச்சை அந்தத் துறையிடமே கற்பது சரியான வழி; இத்துறையில் எனக்குப் பிடித்த வேலையும் அதுவே. இருந்தும், சுமார் 40,000 சொற்களையும் தொடர்களையும் கையால் குறித்து ஒரு கருவியைப் பழக்கிய வேறொரு குழு, பலன் போதவில்லை என்று 2018இல் வெளிப்படையாக எழுதியது. தோல்வியை அச்சில் ஏற்றும் துணிவு எல்லாத் துறையிலும் வேண்டும்.

சொல்லை விட்டு உடலை அளப்போரும் உண்டு. சூரிச் பல்கலைக்கழகத்தின் முல்லர், ஃபிரிட்ஸ் ஆகியோர் 2015இல் 17 பேருக்கு உணரிகளைப் பொருத்தி, அவர்கள் மனம் நேர்மறையா எதிர்மறையா என்பதை 71 விழுக்காடு சரியாகக் கணித்தார்கள். இரண்டில் ஒன்றைச் சொல்லும் தேர்வில், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பாதி சரியாகிவிடும் என்பதையும் சேர்த்தே அந்த எண்ணைப் படிக்க வேண்டும். ஒருவர் தம் களைப்பைத் தாமே அறிந்துகொள்ள இது உதவலாம். மேலாளர் கையில் கிடைத்தால் கதை வேறு. ஐரோப்பிய ஒன்றியம் தன் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தின்படி, பணியிடத்திலும் கல்விக்கூடத்திலும் உடல்சார் தரவுகளைக் கொண்டு உணர்ச்சியைக் கணிப்பதை, மருத்துவ, பாதுகாப்புத் தேவைகள் தவிர, 2025 பிப்ரவரி 2 முதல் தடைசெய்துள்ளது. எழுதிய சொற்களை மட்டும் வைத்துக் கணிக்கும் கருவி இந்தத் தடைக்குள் வராது. நிரலாளர் மீது செலுத்தப்படுபவற்றில் பெரும்பாலானவை அந்த வகையே.

எக்ஸ்-இசட் நிகழ்வு

உணர்ச்சிக்கும் கணினிப் பாதுகாப்புக்கும் உள்ள உறவை எந்த ஆய்வுக் கட்டுரையையும்விடத் தெளிவாகக் காட்டியது எக்ஸ்-இசட் என்ற திறந்த மூல மென்பொருளுக்கு நேர்ந்தது. கோப்புகளைச் சுருக்கும் சிறு மென்பொருள் அது. லினக்ஸ் இயங்கும் எண்ணற்ற கணினிகளில் உள்ளது. பல ஆண்டுகளாக ஒருவர் ஊதியமின்றிப் பராமரித்துவந்தார். 2021 முதல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். 2022இல் வேறு சில பெயர்களிலிருந்து, வேலை மெதுவாக நடக்கிறது, பொறுப்பை வேறொருவரிடம் கொடுங்கள் என்று எரிச்சலான மடல்கள் வந்தன. பராமரித்தவர் தம் மனநலச் சிக்கலைச் சொல்லி, இது சம்பளமில்லா வேலை என்பதையும் நினைவூட்டிப் பதில் எழுதினார். நெருக்கடி ஓயவில்லை. பொறுப்பில் ஜியா டானுக்கும் பங்கு கிடைத்தது. 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்கதவு நுழைக்கப்பட்டிருந்தது. தொலைக் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை நொடி கூடுதலாவதைக் கவனித்த ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் அதைத் துருவிக் கண்டுபிடித்து 2024 மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார்.

அந்த மடல்களை ஓர் உணர்ச்சி கண்டறியும் கருவியிடம் கொடுத்தால் என்ன சொல்லியிருக்கும்? எரிச்சல் மடல்களுக்குக் ‘கோபம்’ என்று குறித்திருக்கும். அந்தக் கோபமே வேடம் என்று பின்னர் ஆராய்ந்தோர் கருதுகிறார்கள். எழுதிய பெயர்கள் நெருக்கடிக்குப்பின் காணாமல்போயின. களைத்துப்போன மனிதரின் பதிலுக்குக் கருவி ‘எதிர்மறை’ என்று குறித்திருக்கும். பணிவாகவும் உதவியாகவும் எழுதிவந்த ஜியா டானுக்கோ நல்ல மதிப்பெண். பாதுகாப்புக்காக இக்கருவியை வைத்திருந்தால், அது காவல்காரரைச் சந்தேகித்துக் கள்வரை உள்ளே விட்டிருக்கும். நான் இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அதிருப்தியுற்ற ஊழியர் நிறுவனத்துக்குத் தீங்கு செய்யக்கூடும் என்ற கருத்தில், ஊழியரின் மனநிலையை வைத்து உள்ளிருந்து வரும் ஆபத்தைக் கணிக்கும் ஆய்வுகள் நடக்கின்றன. அவற்றில் முதலில் அகப்படுபவர், மனதில் உள்ளதை மறைக்கத் தெரியாத நேர்மையான சிடுசிடுப்புக்காரராகத்தான் இருப்பார்.

மெய்ப்பாட்டியல் தரும் ஒரு கேள்வி

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயல் மெய்ப்பாட்டியல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை அது கூறுகிறது. உணர்ச்சி கண்டறியும் கணினியைத் தொல்காப்பியர் அன்றே நினைத்துவிட்டார் என்று மேடையில் முழங்க நான் வரவில்லை. அவர் பேசுவது இலக்கியத்தைப் பற்றி. ஆனால் அவருடைய முறையில் இன்றைய தரவுத் தொகுப்புகளில் இல்லாத ஒன்று உண்டு. ஒவ்வொரு மெய்ப்பாட்டுக்கும் அது தோன்றும் நிலைக்களன் நான்கு என 32 காரணங்களைச் சேர்த்தே அவர் சொல்கிறார். அழுகை என்றால் இளிவு, இழவு, அசைவு, வறுமை. அவமதிக்கப்பட்டவர் அழுவதும், உறவையோ உடைமையோ இழந்தவர் அழுவதும், பழைய நிலை கெட்டவர் அழுவதும், இல்லாமையால் அழுவதும் வேறுவேறு. கருவி ‘துயரம் 0.8’ என்று எண்ணைக் கொடுத்து நின்றுவிடும். இவற்றைக் கண்ணாலும் செவியாலும் கூர்ந்து உணரவல்லார்க்கே இது விளங்கும் என்றும் அவ்வியல் முடிவில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது.

அச்சத்துக்கு அவர் காட்டும் களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இறை என்பது ஆட்சியதிகாரம். இன்று நம் முதியோரைப் பதறவைக்கும் ‘டிஜிட்டல் கைது’ மோசடியை இந்த இரண்டு சொற்களில் விளக்கிவிடலாம்: கள்வர் இறையின் வேடம் போடுகிறார். உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டது, சி.பி.ஐ. பேசுகிறோம், வீடியோ அழைப்பை விட்டு நகராதீர்கள் என்று மிரட்டுகிறார்கள். 2024 ஜனவரி முதல் ஏப்ரல் வரை மட்டும் இவ்வகையில் இந்தியர்கள் இழந்த தொகை 120 கோடி ரூபாய்க்கு மேல் என்று உள்துறை அமைச்சகத்தின் இணையக் குற்ற ஒருங்கிணைப்பு மையம் தெரிவித்தது. வீடியோவில் கைது செய்வது என்ற ஒன்று நம் சட்டத்தில் இல்லை.

இங்கே ஆராய வேண்டியது அழைப்பவர் சொற்களை. அதிகாரத்தின் பெயரைச் சொல்லுதல், கெடு விதித்தல், யாரிடமும் பேசாதே என்று தனிமைப்படுத்துதல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். எக்ஸ்-இசட் மடல்களிலும் நெருக்குதல் இருந்தது. அங்கே அவசரப்படுத்தல் இருந்தது, எல்லாரும் உம்மேல் அதிருப்தி என்ற பொய்யான ஊர்க்குரல் இருந்தது. அஞ்சுகிறவரின் முகத்தைப் படிப்பதைவிட, அச்சமூட்டும் பேச்சின் அமைப்பைப் படிப்பது எளிது. அதனால் எவருடைய அந்தரங்கமும் குறைவதில்லை.

தமிழில் எங்கே நிற்கிறோம்

தமிழுக்குத் ‘தமிழ்-எமோ’ என்ற தொகுப்பு 2022இல் வெளிவந்தது. 42,000க்கும் மேற்பட்ட யூடியூப் கருத்துகளை மனிதர்கள் படித்து 31 வகைகளாகக் குறித்தது, கடுமையான உழைப்பு. மூன்றே பெரும் பிரிவுகளாகப் பார்த்தபோது கருவியின் எஃப்-1 மதிப்பெண் 0.60. ஏழு பிரிவுகளுக்கு 0.42. முப்பத்தொன்றுக்கு 0.29. உணர்ச்சியை நுணுக்கமாகப் பிரிக்கப் பிரிக்கக் கருவி தடுமாறுவதை ஆசிரியர்கள் மறைக்காமல் தந்திருக்கிறார்கள்.

எங்கள் எல்லைப்பகுதியில் இன்னும் கடினம். ராயக்கோட்டை தக்காளி மண்டியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் புழங்கும். விலை சரிந்த நாளில் விவசாயி வியாபாரியிடம், “நல்லா இருக்குதுப்பா உங்க நியாயம்” என்பார். கருவிக்கு அது பாராட்டு.

யூடியூப் கருத்துகளில் பழகிய கருவி மோசடி அழைப்பையோ நிரலாளர் உரையாடலையோ படித்துவிடும் என்று எதிர்பார்ப்பது, ஐதராபாத் கட்டுரைக் காலத்துக்கே திரும்புவதாகும். 1930 என்ற உதவி எண்ணில் புகார் சொல்லும் தமிழர்கள், தம்மை மிரட்டியவர் என்ன சொன்னார் என்பதையும் சொல்கிறார்கள். புகார்தாரரின் ஒப்புதலோடு பெயரும் எண்ணும் நீக்கி அந்தச் சொற்களைத் தொகுத்து, ‘அச்சம்’ என்று மட்டும் எழுதாமல் எதைக் காட்டி அச்சுறுத்தினார்கள் என்பதையும் அருகே குறித்தால், தமிழ் ஆய்வாளர் கையில் ஒரு தொடக்கம் இருக்கும்.