காயின்கெக்கோவின் எம்சிபி சேவையகம்: எண்ணிக்கை சொல்லாத தரவரிசை

செயற்கை நுண்ணறிவு முகவர் எனப்படுவது, கேட்ட கேள்விக்கு விடை எழுதுவதோடு நில்லாமல், வெளியிலுள்ள தரவுத்தளங்களையும் நிரல்களையும் தானே அழைத்து, வேண்டியதைப் பெற்று, ஒப்படைத்த வேலையை முடிக்கும் மென்பொருளாகும். அவ்வாறு அழைப்பதற்கான பொது நெறிமுறையாக எம்சிபி என்பதை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட பின்னர், அந்நெறிமுறை வழியே தம் தரவை முகவர்களுக்குத் திறந்துவிட்ட நிறுவனங்களுள், கிரிப்டோ நாணயங்களின் விலையையும் சந்தை மதிப்பையும் 2014 முதல் தொகுத்துவரும் காயின்கெக்கோவும் ஒன்று. போட்டித் தளமான காயின்மார்க்கெட்கேப்பை 2020இல் பைனான்ஸ் என்னும் நாணயப் பரிமாற்ற நிறுவனம் வாங்கிக்கொண்டபோது தனித்து நின்ற தொகுப்பு இது என்பதால், இதன்மீது பயனர் பலருக்கு ஒரு பற்று உண்டு, அப்பற்று நியாயமானதே.

காயின்கெக்கோவின் எம்சிபி சேவையகத்தை நிறுவும் முறையைப் பற்றி விரித்துரைக்க ஏதுமில்லை. முகவரின் அமைப்புக் கோப்பில் சேவையகத்தின் முகவரியைச் சேர்த்தால் போதும். பொதுப் பயன்பாட்டுக்கான வாயிலுக்கு ஏபிஐ சாவி என்னும் அணுகல் குறியீடுகூட வேண்டியதில்லை. விலை, பழைய விலைகளின் வரிசை, சந்தை மதிப்பு ஆகியவற்றைக் கேட்கும் அழைப்புகள் எதிர்பார்த்தபடியே செயல்படுகின்றன. வாரக்கணக்கில் இதைப் பயன்படுத்துவோரின் கவனத்தை ஈர்த்து, இறுதியில் பொறுமையையும் சோதிப்பது ‘ட்ரெண்டிங்’ பட்டியல் ஒன்றே.

அப்பட்டியல் தருவது, கடந்த 24 மணி நேரத்தில் காயின்கெக்கோ தளத்தில் மிகுதியாகத் தேடப்பட்ட நாணயங்களை. விலை ஏறியவற்றையோ மிகுதியாக வாங்கப்பட்டவற்றையோ அல்ல. காயின்கெக்கோவின் ஆவணம் இதைத் தெளிவாகவே கூறுகிறது. எனினும் ஒரு நாணயத்தைத் தேடுவதற்கு ஆசையும் காரணமாகலாம், அச்சமும் காரணமாகலாம். 2022 மே மாதத்தில் டெர்ரா வலையமைப்பின் லூனா நாணயம் ஏறத்தாழ 80 டாலரிலிருந்து ஒரு வாரத்துக்குள் ஒரு சென்ட்டுக்கும் கீழே வீழ்ந்தபோது, அதன் பெயரைத் தேடுவதற்கு, சேமிப்பை இழந்தவருக்கும் மலிவு விலையில் வாங்க நினைத்தவருக்கும் செய்தியாளருக்கும் வெவ்வேறு காரணங்கள் இருந்தன. இவ்வேறுபாடு எதுவும் பட்டியலில் பதிவாவதில்லை. ஆகவே ‘இன்று எந்த நாணயம் முன்னணியில் உள்ளது?’ என்று கேட்பவருக்கு முகவர் இப்பட்டியலைச் சுருக்கித் தரும்போது, தேடல் என்ற அடிப்படைச் செய்தி விடுபட்டு, ஏற்றம் என்ற பொருள் எளிதில் வந்து ஒட்டிக்கொள்கிறது.

இக்குழப்பத்தைப் பெருக்குவது ‘ஸ்கோர்’ என்னும் புலம். முதலிடத்து நாணயத்துக்கு 0, இரண்டாமிடத்துக்கு 1 என்று வரும் அந்த எண் மதிப்பெண்ணே அன்று, வெறும் வரிசை எண். மதிப்பெண் கூடினால் சிறப்பு என்னும் பொது வழக்கைப் பின்பற்றிப் படிக்கும், முகவரை இயக்கும் மொழி மாதிரி, பட்டியலின் கடைசி நாணயத்தைத் தலைமேல் தூக்கி வைப்பதற்கு இதுவே போதுமான காரணம். இதைவிடப் பெரிய குறை, தேடல்களின் எண்ணிக்கை எங்குமே தரப்படாமை. முதல் நாணயத்துக்கும் 15ஆம் நாணயத்துக்கும் இடையிலான தொலைவு நூறு தேடல்களா, நூறாயிரம் தேடல்களா என்பதை மனிதரும் அறிய இயலாது, முகவரும் அறிய இயலாது. ஒரு சிறு கூட்டம் திட்டமிட்டுத் தேடி ஒரு நாணயத்தை மேலேற்றியிருந்தால்கூட அதை ஐயுறுவதற்கான தடயம் சேவையகம் தரும் பதிலில் இல்லை. பணம் சார்ந்த முடிவுக்கு இட்டுச்செல்லும் தரவில் இத்தகைய மறைப்பை ஏற்க முடியாது.

பதிலின் வடிவமும் மொழி மாதிரிக்காக எண்ணப்பட்டதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு நாணயத்துக்கும் 24 மணி நேர விலை மாற்றம் இந்திய ரூபாய், இலங்கை ரூபாய் உட்படப் பல பணங்களில் அடுக்கப்படுகிறது. வேண்டியதோ பெரும்பாலும் ஒன்றே. மாதிரி ஒரே நேரத்தில் நினைவில் கொள்ளக்கூடிய உரையின் அளவுக்கு வரம்பு உண்டு என்பதோடு, அவ்வுரைக்குக் கட்டணமும் உண்டு என்பதால், இது வாசலில் இறக்கப்படும் வேண்டாத மூட்டைக்கு ஒப்பானது. சந்தை மதிப்பு டாலர் குறியும் காற்புள்ளிகளும் கொண்ட எழுத்துச்சரமாக வருவதால், கணக்கிடுவதற்கு முன் அதை எண்ணாக மாற்றியாக வேண்டும். விலைக்கோட்டுப் படத்தின் இணைப்பும் உடன் வருகிறது. உரையை மட்டும் படிக்கும் முகவருக்கு அதனால் பயனில்லை.

நாணயத்தின் பெயரை அதை உருவாக்குபவரே வைக்கிறார் என்பதையும் கருத வேண்டும். முகவருக்கு இடும் கட்டளையைப் போன்ற ஒரு பெயரை எவரேனும் சூட்டினால், அது தரவின் வேடத்தில் மாதிரியின் முன் வந்து நிற்கும். இணையத்திலிருந்து உரையை எடுத்துவரும் கருவிகள் அனைத்துக்கும் உள்ள இவ்விடர், எவரும் நாணயம் வெளியிடக்கூடிய இத்துறையில் மேலும் கூர்மையானது.

இவ்வளவுக்கும் பின்னர் இக்கருவியை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஏனெனில் தேடப்பட்ட நாணயம் உண்மையில் ஏறியதா என்று சரிபார்ப்பதற்கான சான்றுகளும் அதே பதிலில் இருக்கின்றன. சந்தை மதிப்புத் தரநிலை, வணிக அளவு, விலை மாற்றம் ஆகிய மூன்றையும் தேடல் வரிசையோடு சேர்த்தே காட்டுமாறும், ‘ஸ்கோர்’ புலத்தைப் புறக்கணிக்குமாறும் முகவருக்கு நிலையான அறிவுறுத்தல் கொடுத்துவிட்டால், மக்கள் எதைக் கவனிக்கின்றனர் என்பதைக் காட்டும் நல்ல செய்திக் குறிப்பாக இது பயன்படும். வாங்குவதற்கும் விற்பதற்கும் அதிகாரம் பெற்ற முகவரிடம் இப்பட்டியலை நேரடியாக இணைப்பது மட்டும், தேடல் எண்ணிக்கையைக் காயின்கெக்கோ வெளியிடும் நாள்வரை, தவிர்க்கப்பட வேண்டியது.