வெட்டியது யார்? ரம்மித் தீர்ப்புகளில் விட்டுப்போன ஒரு கேள்வி

எங்கள் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிற தம்பி ஒருவன், 2024 தீபாவளி போனஸை மூன்று ராத்திரியில் ஃபோனில் ரம்மி ஆடித் தொலைத்தான். நாலாம் நாள் டீக்கடையில் வைத்து என்னிடம் கேட்டான்: "அண்ணா, அவனுக சீட்டை ஒழுங்காத்தான் கலைப்பானுகளா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "உனக்கு எதுக்குடா இந்த வேலை" என்று எல்லாரும் சொல்வதையே நானும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. ரம்மி பற்றி நம் நீதிமன்றங்கள் சொன்னதையெல்லாம் எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். பக்கம் பக்கமாக இருக்கிறது: திறமையா, அதிர்ஷ்டமா, மாநில அதிகாரமா, மத்திய அதிகாரமா. தம்பி கேட்ட கேள்விக்கு மட்டும் நேரான பதில் இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

சாளையில் நடந்தது

முதலில் சீட்டு எப்படிக் கலைக்கப்படுகிறது என்று பார்த்துவிடலாம். நான் ஆட்டம் பார்த்தது மாமாவின் தோட்டத்துச் சாளையில். நோம்பிக்கு நோம்பி ஆறு பேர் உட்காருவார்கள். இரண்டு கட்டு, இரண்டு ஜோக்கர், மொத்தம் 106 சீட்டு. ஒருவர் கலைப்பார். கலைத்ததும் பக்கத்தில் இருப்பவர் முன்னால் வைப்பார். அவர் வெட்டித் தரணும். பிறகுதான் ஒவ்வொன்றாகச் சுற்றிப் போடுவார்கள். யாராவது அவசரத்தில் வெட்டாமல் போட்டால் மாமா கையை மடக்கிக்கொள்வார். "வெட்டாத சீட்டை நான் எடுக்க மாட்டனுங்க" என்பார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. என்னைச் சந்தேகப்படுகிறாயா என்று யாரும் கேட்டதும் இல்லை. கலைத்தவர் கை ஒன்று, வெட்டுகிறவர் கை ஒன்று. இரண்டு பேரும் கூட்டு இல்லை என்றால் அடுக்கை யாரும் முன்கூட்டித் தீர்மானிக்க முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் கலைப்பது சரியாக நடந்ததா என்றால், இல்லை. இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

ரம்மியில் ஒரு சிக்கல் உண்டு. ஆட்டமே சீட்டை ஒழுங்குபடுத்துகிற வேலைதான். ஆட்டம் முடிந்து சீட்டை வாரிச் சேர்க்கும்போது மூன்று ஏழும் ஒன்றாக, 4-5-6 ஸ்பேடு ஒன்றாகவே கட்டுக்குள் போகின்றன. அதைக் கலைக்க நம் ஊரில் செய்வது என்ன? கட்டை ஒரு கையில் பிடித்து, கொத்துக் கொத்தாக எடுத்து மறு கைக்குப் போடுவது. ஒரு தடவைக்குப் பத்து இடத்தில் கட்டு பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 106 சீட்டுக்கு நடுவில் 105 இடைவெளி. அடுத்தடுத்து இருக்கிற ஒரு ஜோடி பிரியாமல் தப்பிக்க 90 சதவீத வாய்ப்பு. ஐந்து தடவை இப்படிக் கலைத்தாலும் அந்த ஜோடி ஒட்டியே இருக்க 60 சதவீதம். மூன்று ஏழும் அப்படியே வரிசையாக இருக்க மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்!

கட்டை இரண்டாகப் பிரித்து, விளிம்பை விரலால் சரசரவென்று விட்டு ஒன்றுக்குள் ஒன்று கோக்கும் முறை வேறு மாதிரி. அதில் ஒரு ஜோடி தப்பிக்க ஒவ்வொரு தடவையும் சுமார் பாதி வாய்ப்புதான். ஐந்து தடவையில் 32-ல் 1 ஆகிவிடும். ஸ்பின்னிங் மில்லில் டிரா ஃபிரேம் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். எட்டு ஸ்லைவரைச் சேர்த்து இழுத்து ஒன்றாக்குகிறோம். அதை மறுபடி எட்டாகச் சேர்த்தால் 64 கலந்துவிடுகிறது. பெருக்கலில் போகிற கலப்பு வேகமாகக் கலக்கும். கொத்துக் கொத்தாக எடுத்துப் போடுவதில் அந்தப் பெருக்கல் கிடையாது.

இந்தக் கோக்கும் முறைக்குக் கணக்கு போட்டவர்கள் டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ். 1992-ல் வந்த அவர்களுடைய கட்டுரை சொல்வது, 52 சீட்டுக் கட்டுக்கு ஏழு தடவை வேண்டும் என்று. டயகோனிஸ் பதினாலு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி மேஜிக்காரர் ஒருவருடன் ஊர் சுற்றியவர், பிறகு கணிதப் பேராசிரியர். கட்டு இரட்டிப்பானால் இன்னும் ஒன்றரைத் தடவை கூடும் என்பது அதே கணக்கின் விளைவு. அதாவது நம் ரம்மிக் கட்டுக்கு எட்டு, ஒன்பது தடவை. கொத்துக் கொத்தாகப் போடும் முறைக்கோ ஆயிரக்கணக்கில் போகும். சாளையில் நாலு தடவைக்கு மேல் யாரும் கலைத்ததில்லை. "போதுமுங்க, போடுங்க" என்று குரல் வந்துவிடும்.

ஒவ்வொன்றாகச் சுற்றிப் போடுவதால் கொஞ்சம் தப்பித்தோம். ஒட்டியிருந்த மூன்று ஏழும் ஒரே கைக்குப் போகாமல் அடுத்தடுத்த மூன்று பேருக்குப் போகும். போன ஆட்டத்தில் யார் என்ன செட்டு இறக்கினார் என்பது ஞாபகம் இருக்கிறவருக்கு, தன் கையில் ஒரு ஏழு வந்தால் பக்கத்துக் கைகளில் என்ன இருக்கும் என்று ஊகிக்க முடியும். மாமா அதிகம் ஜெயித்ததன் ரகசியம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

1968 தீர்ப்பு

இனி தீர்ப்புக்கு வரலாம். ரம்மிக்கு இந்தியாவில் இருக்கும் எல்லாப் பாதுகாப்பும் ஒரே வழக்கிலிருந்து கிளம்புகிறது: ஆந்திரப் பிரதேசம் எதிர் சத்யநாராயணா, 1968 சட்டத் தொகுப்பில் வந்தது. செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் போலீஸ் ரெய்டு, பணம் வைத்து ரம்மி ஆடியவர்கள் மேல் கேஸ். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹிதாயதுல்லா.

சுருக்கமாக அவர் சொன்னது இது: மூணு சீட்டு மாதிரி முழுக்க அதிர்ஷ்ட ஆட்டமல்ல ரம்மி. விழுகிற சீட்டை ஞாபகம் வைக்கணும், எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்று முடிவெடுக்கணும். அதிர்ஷ்டமும் உண்டு, ஆனால் அது ப்ரிட்ஜில் இருக்கும் அதே மாதிரி அதிர்ஷ்டம். கலைத்த கட்டில் எந்தச் சீட்டு எங்கே போய் உட்காரும் என்பதற்கு ஒழுங்கு இல்லை என்பதால் எல்லாச் சீட்டாட்டத்திலும் அது இருக்கத்தான் செய்யும்.

நல்ல தீர்ப்பு. ஆட்டம் தெரிந்தவர் எழுதியது என்று படித்தாலே தெரிகிறது. என் குறை ஒன்றுதான். கலைப்பதை அவர் அதிர்ஷ்டக் கணக்கில் எழுதிவிட்டு, திறமையைத் தனியாக எடுத்து எடை போடுகிறார். இரண்டும் அப்படிப் பிரியாது. விழுந்த சீட்டை ஞாபகம் வைத்து என்ன பயன்? மீதிக் கட்டில் எது எத்தனை இருக்கும் என்று கணக்குப் போடத்தான். அந்தக் கணக்கு, கட்டு நன்றாகக் கலைந்திருந்தால் மட்டுமே சரி. கலைப்பு மோசமென்றால் போன ஆட்டத்தை ஞாபகம் வைத்தவர் ஜெயிப்பார். கலைப்பவரே அடுக்கிவிட்டால் யாருடைய திறமைக்கும் அங்கே வேலை இல்லை. ஆகவே திறமை ஆட்டம் என்ற பட்டத்துக்கே அடித்தளம் ஒழுங்கான கலைப்புதான். தீர்ப்பு அதை இருப்பதாக எடுத்துக்கொண்டது. ஒப்பிட்டது ப்ரிட்ஜுடன், போட்டி ப்ரிட்ஜிலோ ஒரே அடுக்கைப் பல மேஜைகளில் ஆடவிட்டு, சீட்டு விழுந்த அதிர்ஷ்டத்தையே கழித்துவிடுகிறார்கள். கிளப் ரம்மியில் அது கிடையாது.

கண்ணெதிரே கலைத்து, கண்ணெதிரே வெட்டும் கிளப்புக்கு இந்த அனுமானம் பெரிய தப்பில்லை. சீட்டு ஃபோனுக்குப் போனபோதுதான் வினை.

பார்க்க முடியாத கட்டு

1999-ல் அமெரிக்காவில் நடந்தது ஒன்று. ஆன்லைன் போக்கர் தளங்களுக்கு மென்பொருள் கொடுத்த ஏ.எஸ்.எஃப். என்ற நிறுவனம், நாங்கள் நேர்மையாகத்தான் கலைக்கிறோம் என்று காட்ட, கலைக்கும் நிரலையே வெளியிட்டது. ரிலையபிள் சாஃப்ட்வேர் டெக்னாலஜீஸ் என்ற கம்பெனி ஆட்கள் அதைப் படித்துப் பார்த்தார்கள். 52 சீட்டை அடுக்கும் வழிகள் 68 இலக்க எண். அந்த நிரலோ நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லி செகண்ட் ஆயிற்று என்பதை வைத்துக் கலைத்தது. ஒரு நாளைக்கு 8 கோடியே 64 லட்சம் மில்லி செகண்ட்தான்; ஆக அத்தனை அடுக்குதான் சாத்தியம். தங்கள் கடிகாரத்தை சர்வர் கடிகாரத்தோடு பொருத்தினதும் அது சுமார் 2 லட்சமாகக் குறைந்தது. தன் கையில் இரண்டு, மேஜையில் மூன்று என்று ஐந்து சீட்டு தெரிந்தால் போதும், எல்லார் கையும் தெரிந்துவிடும்!

ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நிரலை வெளியிட்டதால்தான் குறை தெரிந்தது. வெளியிடாதவர்களிடம் என்ன இருக்கிறது என்று வெளியில் இருப்பவர் எப்படிச் சொல்வது?

இப்போது சென்னை. 2022-ல் தமிழ்நாடு அரசு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. கவர்னர் திருப்பியனுப்பி, சட்டசபை மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. 2023 நவம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் வைத்தது செல்லாது என்றது. நேரில் ஆடுவதும் ஃபோனில் ஆடுவதும் ஒன்றல்ல, இங்கே மென்பொருள் சீட்டு போடுகிறது, ஆளுக்குப் பதில் பாட் ஆடலாம் என்பது அரசு வாதம். அதை நிறுவ அரசு போதிய ஆதாரம் காட்டவில்லை, வயது, நேரம் மாதிரி கட்டுப்பாடு போட்டு ஒழுங்குபடுத்தலாம் என்பது நீதிமன்றத்தின் நிலை.

எனக்கு ஒப்பாத இடம் இதுதான். கட்டு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அது ஒழுங்காகக் கலைந்தது என்று காட்டணும். தீர்ப்பில் பாரம் சந்தேகப்படுகிறவர் தலையில் விழுகிறது. ஆதாரம் இருக்கும் சர்வரோ கம்பெனியின் ரூமில். மாமாவின் சாளையில் வெட்டு கேட்கிறவர் எந்த ஆதாரமும் காட்ட வேண்டியதில்லை. கேட்பது அவர் உரிமை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் கிளப் ரம்மிக்குக் கொடுத்த நற்சான்றிதழை ஃபோன் ரம்மிக்கு நீட்டியபோது, அந்த வெட்டு கூட வந்ததா என்று யாரும் பார்க்கவில்லை.

ஃபோனில் வெட்டு சாத்தியமா? சாத்தியம். சர்வர் முதலில் அடுக்கி, அந்த அடுக்குக்குப் பூட்டு மாதிரி ஒரு முத்திரை எண்ணை எல்லாருக்கும் அனுப்பணும். அப்புறம் ஆடுகிற ஒவ்வொருவர் ஃபோனும் ஒரு எண் தரும். அவற்றை வைத்து அடுக்கு மறுபடி கலையும். ஆட்டம் முடிந்ததும் முதல் அடுக்கைத் திறந்து காட்டினால், முத்திரையோடு பொருந்துகிறதா என்று யாரும் சரிபார்க்கலாம். பிட்காயின் சூதாட்டத் தளங்கள் சில இதைப் பல வருஷமாகச் செய்கின்றன. சர்வர் நம் கையைப் பார்ப்பதை இது தடுக்காது. அடுக்கை மாற்றுவதைத் தடுக்கும்.

2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டம் வந்து, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் திறமையோ அதிர்ஷ்டமோ எல்லாமே தடை என்றுவிட்டது. கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. கேள்வியே தேவையில்லாமல் போய்விட்டது.

தம்பிக்கு ஒரு பதில் பாக்கி இருந்தது. போன மாதம் அவனை உட்கார வைத்து ஒரு கணக்கு காட்டினேன். ஆறு பேர், ஆளுக்கு 100 ரூபாய், மொத்தம் 600. கம்பெனி கமிஷன் 10 சதவீதம் என்று வைத்தால் ஆட்டத்துக்கு 60. பத்து ஆட்டத்தில் 600 ரூபாய் மேஜையை விட்டே போய்விடும். ஆறு பேரும் சமமான ஆட்டக்காரர் என்றால், சீட்டு தங்கமாகக் கலைந்திருந்தாலும் ஆறு பேருக்கும் நஷ்டம்தான்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அப்ப அவனுக ஏமாத்தலீங்களாண்ணா?" என்றான்.

"ஏமாத்துனானுகளோ இல்லையோ, நீ பார்க்க வழியில்லை. ஏமாத்தாமலே உன் காசு போகும், அது மட்டும் தெரியுது" என்றேன்.

அவனுக்கு அதில் திருப்தியில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஏமாந்தோம் என்றால் கோபப்பட ஒரு ஆள் கிடைப்பான். எனக்கும்தான் திருப்தியில்லை. நான் சொன்னதில் முதல் பாதியை அவன் கட்டிய காசுக்கு யாராவது காட்டியிருக்க வேண்டும்.