வீணையும் பேண்டு வாத்தியமும்

இந்திய அரசியல் சட்டம் கடன் வாங்கியது என்பதைப் பட்டியல் போட்டே மனப்பாடம் பண்ண வைக்கிறார்கள். பாராளுமன்ற முறை பிரிட்டனிலிருந்து, அடிப்படை உரிமை அமெரிக்காவிலிருந்து, வழிகாட்டு நெறி அயர்லாந்திலிருந்து. யாருக்காக வாங்கினார்கள், வாங்கியதால் யாருக்கு என்ன போனது என்ற கேள்வி அந்தப் பட்டியலில் கிடையாது.

1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கே. அனுமந்தையா, வீணை, சிதார் இசையை எதிர்பார்த்தவர்களுக்கு இங்கிலீஷ் பேண்டு வாத்தியம்தான் கிடைத்தது என்று வருத்தப்பட்டார். படிக்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வருது. வீணை என்றைக்கு ஐயா சேரிக்குள் ஒலித்தது? எங்க காதுக்கு ரெண்டுமே அந்நியம்தான். பறை அவர் நினைப்பிலேயே இல்லை.

கிராமத்தை அடித்தளமாக வைக்கவில்லை என்பது அன்றைய இன்னொரு புகார். அதற்கு ஓராண்டு முன்பே, 1948 நவம்பர் 4 அன்று வரைவைச் சபையில் வைத்த அம்பேத்கர் இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டார். கடன் வாங்கியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கருத்துகளுக்கு யாரும் காப்புரிமை வைத்திருக்கவில்லை என்றார். கிராமம் என்பது அறியாமையும் குறுகிய புத்தியும் வகுப்புவாதமும் குடியிருக்கும் குகை என்றார். தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவை எந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்தும் நகலெடுக்க வழியில்லை. நோய் இந்த மண்ணின் சுதேசிச் சரக்கு.

அதற்காக, கடனாக வந்ததெல்லாம் நமக்கு நல்லது என்றும் நான் சொல்ல மாட்டேன். ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனத்துக்காக அம்பேத்கர் எழுதி 1947இல் வெளியான ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’, விவசாயத்தை அரசுத் தொழிலாக்கி, சாதி வித்தியாசமில்லாமல் கிராமத்தாருக்கு நிலத்தைக் குத்தகைக்கு விடவேண்டும், அதை அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும் என்றது. சபை எடுத்துக்கொண்டது அயர்லாந்தின் 1937ஆம் வருஷச் சட்டத்திலிருந்த உத்தியை. பொருளாதார நீதி வழிகாட்டு நெறியாகிவிட்டது. வளங்களைப் பொதுநன்மைக்காகப் பகிரச் சொல்கிறது 39ஆம் பிரிவு. அதைக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்கிறது 37ஆம் பிரிவு. வரைவுக் குழுத் தலைவராக அம்பேத்கரே இந்த ஏற்பாட்டை ஆதரித்துப் பேச வேண்டியதாயிற்று.

சொத்துரிமை மட்டும் அடிப்படை உரிமையாக உட்கார்ந்துகொண்டது. 1978ஆம் வருஷத்து 44ஆவது திருத்தம்தான் அதை எடுத்தது. ஜமீன்தார்கள் அந்த உரிமையைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடியதால் 1951லேயே முதல் திருத்தம் கொண்டுவர வேண்டி வந்தது. நிலம் வைத்திருந்தவன் வழக்குப் போட்டான். நிலமில்லாத கூலியாளுக்கு நிலம் கேட்டு வழக்குப் போட ஒரு பிரிவு கிடையாது.

இது எந்த நாட்டுச் சரக்கு என்று இனி யாராவது குறைபட்டால், தோழர்களே, 1947இல் நாம் கேட்ட நிலம் எங்கே என்று திருப்பிக் கேளுங்கள்.