நியூபோர்ட் கோப்பை: ஒரு திருத்தம்

விஜய் அமிர்தராஜ் 1976, 1980, 1984 என மூன்று முறை அமெரிக்காவின் நியூபோர்ட்டில் ஒற்றையர் பட்டம் வென்றார். "விம்பிள்டன் முடிஞ்சு பெரிய தலைகள் எல்லாம் கிளம்பின பிறகு நடக்கிற போட்டிதானே? ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்று நண்பர்களிடம் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். வெற்றியாளர் பட்டியலை எக்செல்லில் போட்டுப் பார்த்த பிறகு, அந்தப் பேச்சில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

முதலில் இடம். ரோட் ஐலண்ட் மாநிலத்தில், நியூபோர்ட் கேசினோவின் புல்தரை. பெயரைப் பார்த்து சூதாட்டக் கூடம் என்று நினைக்க வேண்டாம். 1880ல் திறந்த கேளிக்கை மன்றம் அது. இன்றைய யுஎஸ் ஓப்பனின் மூதாதையான தேசியப் போட்டி 1881 முதல் 1914 வரை இங்கேதான் நடந்தது. அடுத்த வருடம் அது நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸுக்குப் போய்விட்டது.

1976ல் தொடங்கிய போட்டிக்கு முன்னணி வீரர்கள் அதிகம் வரவில்லை என்பது உண்மை. ஆனால் போட்டி சுலபம் என்றால் முதல் தரவரிசைக்காரர் அல்லவா கோப்பையை அள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டும்? 1976 முதல் 2010 வரை ஒரு வருடம்கூட அது நடக்கவில்லை. 2011ல் ஜான் இஸ்னர்தான் முதல் ஆள். 2009ல் ராஜீவ் ராம் தகுதிச் சுற்றில் தோற்றவர். வேறொருவர் விலகியதால் உள்ளே வந்து கோப்பையையே வென்றார்!

என் விளக்கம் எளிது. தரவரிசைப் புள்ளிகளில் பெரும்பகுதி கடினத் தரையிலும் களிமண்ணிலும் சேர்ப்பது. புல்லில் பந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு வரும். சர்வ் போட்டுவிட்டு வலைக்கு ஓடத் தெரிந்தவனுக்கு அங்கே தனி மதிப்பு. லியாண்டர் பயஸின் ஒரே ஒற்றையர் டூர் பட்டம் 1998ல் இங்கே வந்ததும், சென்னையின் ராம்குமார் ராமநாதன் 2018ல் இறுதி ஆட்டம் வரை போனதும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

2024 ஜூலை 20 அன்று, அதே வளாகத்தில் இருக்கும் டென்னிஸ் ஹால் ஆஃப் ஃபேமில் விஜய்யும் பயஸும் சேர்க்கப்பட்டார்கள். மறுநாள் நடந்ததுதான் அங்கே கடைசி ஏடிபி டூர் இறுதி ஆட்டம். 2025ல் போட்டி சேலஞ்சர் நிலைக்கு இறங்கிவிட்டது. ஐரோப்பாவுக்கு வெளியே இருந்த ஒரே புல்தரை ஏடிபி டூர் போட்டி அது. ஆட்டக்காரர்களுக்கு மாலை போட்ட கையோடு, அவர்கள் ஏறிவந்த ஏணியை எடுத்துவிட்டார்கள்.

இலுப்பைப்பூ என்று சொன்ன வாய் இது. தவறு என்னுடையது.