டர்போவில் ஓடியது

அத்திப்பட்டு ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறி இன்ஜினியரிங் காலேஜுக்குப் போய்வந்த ஒரு தலைமுறைக்கு சி++ என்றாலே நீலத் திரைதான். போர்லாண்டின் டர்போ சி++. அது வந்தது 1990-ல். மொழிக்கு ஐஎஸ்ஓ தரம் வந்ததோ 1998-ல். தரத்துக்கு மூத்த அந்தக் கம்பைலரை நம் லேப்கள் அதன்பிறகும் வெகுகாலம் விடவில்லை.

அந்தக் கால புரோகிராமை லினக்ஸில் ஜிசிசியிடம் கொடுத்தால் முதல் வரியிலேயே முட்டும். 'ஐஓஸ்ட்ரீம்.எச்' இல்லை, 'கோனியோ.எச்' இல்லை, 'வாய்ட் மெயின்' கூடாது. இதெல்லாம் சில்லறை வேலை. ரசிக்க வேண்டியது அடுத்தது. ஃபார் லூப்பின் அடைப்புக்குள் அறிவித்த 'ஐ', டர்போவில் லூப் முடிந்த பிறகும் உயிரோடு இருக்கும். தரத்தின்படி லூப்போடு அதன் ஆயுளும் முடிந்தது. கைதேர்ந்தவர் அந்த அறிவிப்பைத் தூக்கி லூப்புக்கு மேல் வரியில் வைப்பார். அவ்வளவுதான், பழையதிலும் ஓடும், புதியதிலும் ஓடும்.

முட்டாமல் ஓடி ஏமாற்றுபவைதான் ஆபத்து. டர்போவில் இன்ட் 16 பிட். 32767-க்கு மேல் தாங்காது. இன்றைய கணினியில் அது பெரும்பாலும் 32 பிட். 'ஐ++ + ++ஐ' எவ்வளவு என்று வைவாவில் கேட்பார்களே, தரம் அதற்கு விடையே வைக்கவில்லை. கம்பைலருக்குக் கம்பைலர் மாறலாம். மார்க் போட்டவர்களை என்ன சொல்ல!

பழைய புரோகிராம் கைவசம் இருந்தால் ஜிசிசி, கிளாங் இரண்டிலும் '-வால் -பெடான்டிக்' சேர்த்து ஓட்டிப் பாருங்கள். வரும் எச்சரிக்கைகளில் ஒன்றையும் தாண்டிப் போகாதீர்கள்.